ஆரணிப் பட்டும் இரண்டு சதவீத ஓட்டும்

2021 டிசம்பர் கடைசி வாரம் ஆரணியில் மாமா வீட்டில் இருந்தேன். ஜனவரி 1 முதல் துணிக்கு ஜிஎஸ்டி 5-லிருந்து 12 சதவீதம் என்று அறிவித்திருந்தார்கள். பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்கு வரி 500-லிருந்து 1,200. தறிக்குழியில் காலை வைத்தபடியே மாமா கேட்டார்: “இதை யார்கிட்டப்பா போய்ச் சொல்றது? கோட்டையிலயா, டெல்லியிலயா?”

ஜிஎஸ்டி பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுவது என் பிழைப்பு. ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை.

1939-ல் கேட்டிருந்தால் சுலபம், கோட்டைதான். 1935-ம் வருடச் சட்டம் விற்பனை வரியை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே அதுதான் முதல். இன்று மதுவுக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்திடமே இருக்கிறது. சேலைதான் கைவிட்டுப் போச்சு.

முதல் வேலி அரசியலமைப்பின் 286-வது பிரிவு: மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது. கர்நாடகப் பட்டு நூல், சூரத் ஜரிகை, பெங்களூர்க் கடை என்று பிழைக்கிற ஆரணிக்கு இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. சரக்கு போய்ச் சேரும் மாநிலம் வரி போடலாம் என்று 1953-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 1955-ல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் தன்னையே திருத்திக்கொண்டது. அடுத்த வருடம் மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. விகிதத்தை டெல்லி சொல்லும், பணம் சரக்கு கிளம்பிய மாநிலத்துக்கு.

2017-ல் அதுவும் தலைகீழ். இப்போது மாநிலப் பங்கு சேலை போய்ச் சேரும் மாநிலத்துக்கு. விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மத்திய அரசின் ஓட்டு மூன்றில் ஒரு பங்கு, மீதியை மாநிலங்கள் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை, இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். முடிவெடுக்க முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். அதாவது டெல்லி வேண்டாமென்றால் எதுவும் நகராது. கவுன்சிலின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு மாநிலம் மட்டும் விகிதத்தை மாற்றினால் நாடு முழுக்கக் கோத்த வரிக் கணக்கே பிசகும். இதுவரை யாரும் துணியவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொரு இடத்தில். 12 சதவீதத்துக்குச் சொன்ன காரணம் பாலியெஸ்டர்: இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்ற முரண். பட்டில் நூலுக்கும் 5, துணிக்கும் 5. அந்த நோயே இங்கே இல்லை.

டிசம்பர் 31 கூட்டத்தில் உயர்வை ஒத்திவைத்தார்கள். தமிழ்நாடு எதிர்த்தது, ஆனால் ஜவுளி மாநிலமான குஜராத்தும் எதிர்த்தது. மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

“ரத்தா, ஒத்திவைப்பா?”

“ஒத்திவைப்பு, மாமா.”

தலையாட்டிவிட்டு நாடாவை எடுத்தார்.