ஒரே முறை தப்பிக்க எழுதப்பட்ட கதை: ‘பிரிசன் பிரேக்’ தொடர் உருவானதும் நீண்டதும்

சிறையில் உள்ள ஒருவரைத் தப்புவிப்பதற்காக, வெளியில் இருப்பவர் வேண்டுமென்றே கைதாகி உள்ளே செல்கிறார். தயாரிப்பாளர் டான் பரூஸ் கூறிய இந்தக் கருவைக் கேட்ட எழுத்தாளர் பால் ஷூரிங்குக்கு முதலில் எழுந்தது ஒரு சந்தேகம்தான்: அப்படி ஒருவர் ஏன் செய்ய வேண்டும்? செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற அண்ணன், அவரைக் காப்பாற்றத் துணியும் தம்பி என்று அவர் கண்ட விடையே ‘பிரிசன் பிரேக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரானது.

2003-ஆம் ஆண்டு இக்கதையை ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஏற்கவில்லை. சிறையிலிருந்து தப்பிக்கும் கதையை எத்தனை வாரங்களுக்கு நீட்டிக்க முடியும் என்பதே அந்நிறுவனத்தின் தயக்கம். பிறகு, வாரந்தோறும் தொடரும் கதை கொண்ட ‘24’, ‘லாஸ்ட்’ ஆகிய தொடர்கள் பெற்ற வெற்றி நிலைமையை மாற்றியது. 2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி தொடர் தொடங்கியபோது, முதல் நாளிலேயே ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தனர். முதலில் 13 எபிசோடுகளுக்கே அனுமதி கிடைத்திருந்தது. வரவேற்பைக் கண்டு அது 22 ஆனது.

தொடரின் நம்பகத்தன்மைக்குப் பெரிதும் துணை நின்றது படப்பிடிப்பு நடந்த இடம். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1858-இல் திறக்கப்பட்டு 2002-இல் மூடப்பட்ட பழைய சிறைச்சாலையே, ‘ஃபாக்ஸ் ரிவர்’ என்ற கற்பனைச் சிறையாகத் திரையில் தோன்றியது. சுண்ணாம்புக் கல் மதில்கள் அசலானவை. உண்மையான அறைகளில் நடிகர்களுக்கும் கேமராவுக்கும் இடம் போதாததால், சற்றே பெரிய அறைகள் கொண்ட அரங்கு தனியே அமைக்கப்பட்டது.

கதாநாயகன் மைக்கேல் ஸ்கோஃபீல்ட் ஒரு கட்டுமானப் பொறியாளர். சிறையின் வரைபடத்தை மறைமுகமாகத் தன் உடலிலேயே பச்சை குத்திக்கொண்டு உள்ளே நுழைகிறார். அந்தப் பச்சையை முழுமையாக ஒட்டி முடிக்க ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது தெரியத் தேவையில்லாத காட்சிகளில் நடிகர் வென்ட்வொர்த் மில்லர் முழுக்கைச் சட்டையில் வருவதை ரசிகர்கள் கவனித்திருக்கலாம். இத்தொடருக்காகச் சிறந்த நடிகருக்கான கோல்டன் குளோப் விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். சிறந்த தொடருக்கான பிரிவிலும் ‘பிரிசன் பிரேக்’ இடம்பெற்றது.

முதல் சீசன் முடியும் தறுவாயில் கைதிகள் மதிலைத் தாண்டிவிட்டனர். ஃபாக்ஸ் அஞ்சிய சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது சீசன், தப்பியோடியவர்களைத் துரத்தும் கதையாக மாறியது. படப்பிடிப்பும் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. வில்லியம் ஃபிக்ட்னர் ஏற்ற புலனாய்வு அதிகாரி வேடம் அதற்கு வலுச் சேர்த்தது. மூன்றாவது சீசனில் நாயகன் மீண்டும் சிறையில், இம்முறை பனாமாவில். தொடரின் பெயரே அதன் கைவிலங்காகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 2007 நவம்பரில் தொடங்கிய திரை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 13 எபிசோடுகளோடு நின்றது.

ரசிகர்களின் கோபத்தைத் தயாரிப்புக் குழு நேரடியாகச் சந்தித்ததும் அப்போதுதான். சாரா வெய்ன் காலீஸ் நடித்த மருத்துவர் சாராவின் பாத்திரம் கொல்லப்பட்டதாகக் காட்டப்பட, எதிர்ப்பு வலுத்தது. நான்காவது சீசனில் அவர் உயிருடன் திரும்பினார். தலை துண்டிக்கப்பட்டதாகக் காட்டப்பட்டவர் எப்படித் திரும்பினார் என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் எளிதில் நம்பக்கூடியதாக இல்லை. பார்வையாளர்கள் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை.

பார்வையாளர் எண்ணிக்கை சரிந்த நிலையில் 2009-இல் நாயகனின் மரணத்தோடு தொடர் முடிக்கப்பட்டது. எனினும் 2017-இல் அவரும் உயிரோடு இருப்பதாகக் கூறி ஒன்பது எபிசோடுகள் வெளிவந்தன. ஏமன் நாட்டுச் சிறையில் நடப்பதாக அமைந்த அக்கதையின் ஒரு பகுதி மொராக்கோவில் படமாக்கப்பட்டது.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இதன் செல்வாக்கு பெரியது. சீனாவில் தன்னார்வலர்கள் உருவாக்கிய வசன வரிகளின் துணையுடன் இளைஞர்களிடையே இணையம் வழியே பரவியது. ரஷ்யாவில் 2010-இல் அந்நாட்டு மொழியிலேயே மறு ஆக்கம் செய்யப்பட்டது. 2024-இல் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானபோது, அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களின் பட்டியலுக்கு மீண்டும் வந்தது.

ஜோலியட் சிறைச்சாலை 2018 முதல் பொதுமக்கள் சுற்றிப் பார்ப்பதற்காகத் திறந்துவிடப்பட்டுள்ளது.