இண்ட்ராப் பேரணி (2007)

இண்ட்ராப் பேரணி என்பது 2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமையன்று மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் அரசின் தடையை மீறித் தமிழர் பெருந்திரளாகக் கூடிய போராட்டம். இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராப் இதை நடத்தியது. நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டில் நடந்த இப்போராட்டம் 'மக்கள் சக்தி' என்ற முழக்கத்தால் அறியப்படுகிறது. அது கேட்டது ஒன்று, விளைந்தது வேறு. பிரிட்டிஷ் அரசிடம் லண்டனில் கோரப்பட்ட இழப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நான்கே மாதங்களில், 1969க்குப் பிறகு முதன்முறையாக ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

தோட்டப்புறப் பின்னணி

இப்போராட்டத்தின் வேர் தலைநகரில் இல்லை. அது தோட்டங்களிலும், தோட்டங்கள் கலைந்தபின் அங்கிருந்தவர்கள் போய்ச் சேர்ந்த புறம்போக்குக் குடியிருப்புகளிலும் இருக்கிறது. மலாக்கா மாநிலத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். ஜாசின் மாவட்டத்திலுள்ள செலண்டார், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிறு நகரம். மலாயாவில் வணிக அளவிலான ரப்பர்ப் பயிர் இதே மாநிலத்தில்தான் தொடங்கியது. தான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். பின்னர் ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் ஆசாகானில் பெருந்தோட்டம் அமைத்தார். சில ஆண்டுகளில் அது லண்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. பால்வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். கங்காணி, கிராணி, தண்டல், லயம், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற வட்டத்துக்குள் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன.

எதிர்ப்பும் அந்த வட்டத்துக்குள் புதிதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தைப் பிரிட்டிஷ் அரசு படையை இறக்கி அடக்கியது. தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தில், 1949 மே மாதம், தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்குப் பின்னும், 1967இல், புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தங்கள் குறையை முறையிடக் கோலாலம்பூரை நோக்கி நெடுநடைப் பயணம் மேற்கொண்டனர். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு தெருவுக்கு வருவதே ஆபத்து என்ற அச்சம் வேரூன்றியது.

தோட்டங்கள் இரு கட்டங்களில் கலைந்தன. 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1980 முதல் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் கோல்ஃப் திடல்களும் தோட்டங்களை விழுங்கின. எஞ்சிய இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். வெளியேற்றப்பட்ட இந்தியர் சுமார் 3 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் கோயிலும் கேள்விக்குறியாயின. தோட்ட முதலாளி காலத்தில் எழுந்த கோயிலுக்கு நிலப்பட்டா கிடையாது. நிலம் கைமாறியதும் அதே கோயில் ஆவணத்தில் 'அனுமதியின்றிக் கட்டப்பட்டது' ஆயிற்று.

அரசின் தன்மை

மலேசியாவில் தேர்தல் தவறாமல் நடந்தது. 2018 வரை ஆட்சி மட்டும் மாறவில்லை. அறிஞர் ஹெரால்டு கிரவுச் அதை ஒடுக்கவும் செய்யும், செவிசாய்க்கவும் செய்யும் அரசு என்று விவரித்தார். ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூக்கன் வே ஆகியோர் போட்டித் தேர்தலுடன் கூடிய எதேச்சதிகாரம் என்ற வகையில் அதைச் சேர்த்தனர்.

ஒடுக்கும் கையில் பல சட்டங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் பேச்சைக் கட்டுப்படுத்தியது. 1967ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டப்படி எந்தக் கூட்டத்துக்கும் அனுமதி தேவைப்பட்டது. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் நாளேடுகளின் உரிமத்தை அரசின் பிடியில் வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 'இசா', இருந்தது. அதன்படி ஒருவரை விசாரணையின்றி 60 நாள் காவலில் வைக்க முடிந்தது. பின்னர் அமைச்சரின் ஆணையால் ஈராண்டு சிறை வைக்க முடிந்தது. அதைப் புதுப்பித்துக்கொண்டே போகவும் முடிந்தது. 1987 அக்டோபரில் நடந்த 'லாலாங் நடவடிக்கை'யில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டபோது கர்ப்பால் சிங், பி. பட்டு, வி. டேவிட் ஆகிய இந்திய வம்சாவளித் தலைவர்களும் உள்ளே போயினர்.

செவிசாய்க்கும் கையாக இந்தியருக்கு வாய்த்தது 1946இல் தோன்றிய மலேசிய இந்தியர் காங்கிரஸ், சுருக்கமாக ம.இ.கா. அதன் தலைவர் ச. சாமிவேலு 1979 முதல் கட்சியை நடத்தினார். தோட்டத்து வாக்கு ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்கு. பதிலுக்குப் பள்ளிக்கு மானியம், கோயிலுக்கு நன்கொடை. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் 2007இல் முறிந்தது.

இயக்கம் உருவான விதம்

எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற இராணுவ வீரர் மா. மூர்த்தி 2005 டிசம்பரில் காலமானார். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்று ஷரியா நீதிமன்றம் அறிவித்தது. மனைவியின் முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது குடிமை நீதிமன்றம். மூர்த்தி இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். இதன் எதிர்வினையாக இந்து அமைப்புகள் ஒன்றுகூடி உருவாக்கியதே இண்ட்ராப். வழக்கறிஞர்களான பொ. வேதமூர்த்தி, அவருடைய அண்ணன் பொ. உதயகுமார், எம். மனோகரன், வி. கணபதிராவ், ஆர். கெங்காதரன் ஆகியோரும் வசந்தகுமாரும் அதன் முன்னணியில் நின்றனர்.

2007 ஆகஸ்ட் 12இல் 18 கோரிக்கைகள் கொண்ட மகஜர் புத்ராஜெயாவில் அளிக்கப்பட்டது. ஆகஸ்ட் 30இல், பொன்விழா விடுதலை நாளுக்கு முதல்நாள், வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசின்மீது வழக்குத் தொடுத்தார். தமிழரைச் சஞ்சிக் கூலிகளாகக் கொண்டுவந்து, விடுதலையின்போது அரசமைப்பில் பாதுகாப்பின்றி விட்டுச் சென்றதற்கு 4 டிரில்லியன் டாலர் இழப்பீடு என்பது கோரிக்கை. தொகை கைக்கு வரும் என்று நம்பியவர் சிலரே. ஆனால் 'நாம் ஏழையானது நம் தலையெழுத்தால் அல்ல, அதற்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு' என்ற எண்ணம் தோட்டந்தோறும் பரவியது.

அக்டோபர் 30இல் சிலாங்கூர் மாநிலம் ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதுவரை மனுவாக இருந்தது அதன்பின் ஆத்திரமாயிற்று.

நவம்பர் 25

லண்டன் வழக்குக்கு இங்கிலாந்து அரசியார் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்டு, ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவை அம்பாங் சாலையில் அப்போது இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுப்பதே திட்டம். காவல்துறை அனுமதி மறுத்தது. நீதிமன்றத் தடையாணையும் பெறப்பட்டது. நவம்பர் 23இல் உதயகுமார், வேதமூர்த்தி, கணபதிராவ் மூவரும் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் கைதாயினர். தலைநகருக்குச் செல்லும் சாலைகளில் தடுப்புகள் எழுந்தன.

அப்படியும் கூட்டம் வந்தது. முதல்நாள் இரவே பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியவர்கள்மீது விடியலில் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் பாய்ந்தன. வாயில்கதவு பூட்டப்பட்டிருந்ததால் பலர் உள்ளேயே சிக்கினர். இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய தெருக்களில் பல மணிநேரம் விரட்டலும் மீண்டும் கூடலுமாக நடந்தது. வந்தோர் தொகை 10,000 முதல் 30,000 வரை பலவாறு சொல்லப்படுகிறது. பலர் கையில் காந்தி படம் இருந்தது. தோட்டத்துப் பெண்களும் முதியவர்களும் ஏராளம். மனுவைக் கொடுக்க முடியவில்லை.

உடனடி விளைவுகள்

பத்துமலை நிகழ்வுக்காக 31 பேர்மீது கொலை முயற்சிக் குற்றம் சுமத்தப்பட்டது. கண்டனம் வலுத்ததும் அது டிசம்பரில் கைவிடப்பட்டது. டிசம்பர் 13இல் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரும் இசா சட்டத்தில் பிடிபட்டுப் பேராக் மாநிலத்தின் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஆணையில் கையெழுத்திட்டவர் பிரதமர் அப்துல்லா அகமது படாவி. வேதமூர்த்தி லண்டனில் தங்கினார்; அவருடைய கடப்பிதழ் செல்லாததாக்கப்பட்டது. தமிழக முதல்வர் மு. கருணாநிதி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுத, மலேசிய விவகாரத்தில் தலையிட வேண்டாம் என்று அமைச்சர் நஸ்ரி அசிஸ் பதில் சொன்னார்.

2008 பிப்ரவரி 16இல் பிரதமருக்கு ரோஜாப்பூக் கொடுக்கக் குழந்தைகளுடன் வந்தவர்களும் கண்ணீர்ப்புகையால் கலைக்கப்பட்டனர். ஏப்ரலில், போராட்டச் செய்திகளை விரிவாக வெளியிட்டுவந்த 'மக்கள் ஓசை' நாளேட்டின் உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டு, முறையீட்டுக்குப் பின் வழங்கப்பட்டது. அக்டோபர் 15இல் இண்ட்ராப் தடை செய்யப்பட்டது.

தேர்தலில் எதிரொலி

2004 தேர்தலில் 219 இடங்களில் 198ஐ வென்ற தேசிய முன்னணி, 2008 மார்ச் 8இல் 222இல் 140 இடங்களோடு நின்றது. கிளந்தானோடு கெடா, பினாங்கு, பேராக், சிலாங்கூர் ஆகிய மாநிலங்களும் எதிர்க்கட்சிகளிடம் போயின. ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றில் மட்டுமே வென்றது. 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தன்வசம் வைத்திருந்த சாமிவேலு, மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமாரிடம் தோற்றார். கமுந்திங் முகாமில் இருந்தபடியே மனோகரன் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். பினாங்கில் பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாம் துணை முதல்வரானார்.

இதற்கு இண்ட்ராப் மட்டுமே காரணமன்று. இண்ட்ராப் பேரணிக்கு இரு வாரம் முன், நவம்பர் 10இல், தூய்மையான தேர்தல் கோரி 'பெர்சே' பேரணி நடந்திருந்தது. விலைவாசி உயர்வும் ஊழல் குற்றச்சாட்டுகளும் எல்லா இனத்தாரையும் உறுத்தின. எனினும் தேசிய முன்னணிக்கு உறுதியானது என்று கணக்கிடப்பட்ட இந்திய வாக்கு ஒரே தேர்தலில் புரண்டதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மலாக்காவில் அலை தாழ்வாகவே அடித்தது. மாநிலச் சட்டமன்றத்தின் 28 இடங்களில் 23ஐத் தேசிய முன்னணி தக்கவைத்தது.

நீண்டகால விளைவுகள்

நஜீப் ரசாக் 2009 ஏப்ரலில் பிரதமரானதும் ஐவரில் இருவர் உடனேயும் மூவர் மே மாதத்திலும் விடுதலையாயினர். தமிழ்ப்பள்ளிகளுக்குக் கூடுதல் ஒதுக்கீடு, மெட்ரிகுலேஷன் கல்வியில் இந்தியருக்கு 1,500 இடங்கள், அடையாள ஆவணமற்றோருக்கான பதிவு இயக்கம், 2017இல் இந்தியர் மேம்பாட்டுப் பெருந்திட்டம் ஆகியவை வந்தன. செவிசாய்க்கும் கை, ஒரு தோல்விக்குப் பிறகு வேகமாகவே நீண்டது.

சட்டத்திலும் மாற்றம் வந்தது. இசா சட்டம் 2012இல் நீக்கப்பட்டு அந்த இடத்தில் 'சொஸ்மா' வந்தது. ஈராண்டுத் தடுப்புக்காவல் போய், 28 நாள் காவலும் பிணை மறுப்பும் வந்தன. அதே ஆண்டில் அமைதிப் பேரணிச் சட்டம், கூட்டத்துக்கு அனுமதி என்பதை முன்னறிவிப்பு என்று மாற்றியது.

இயக்கமோ பிளவுபட்டது. மக்கள் சக்தி என்ற பெயரிலேயே ஒரு கட்சி தேசிய முன்னணிக்கு ஆதரவாக எழுந்தது. உதயகுமார் தனிவழி சென்றார். 2013 ஜூனில் தேச நிந்தனைக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். அவ்வாண்டு ஜனவரியில் இண்ட்ராப்மீதான தடை நீங்க, ஏப்ரலில் தேசிய முன்னணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வேதமூர்த்தி தேர்தலுக்குப் பின் துணையமைச்சரானார். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று கூறி 2014 பிப்ரவரியில் விலகினார். எதிர்க்கட்சிகளின் ஆட்சியும் ஏமாற்றத்திலிருந்து தப்பவில்லை. 2009இல் பினாங்கின் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமம், அக்கட்சிகளின் மக்கள் கூட்டணி ஆண்ட காலத்திலேயே இடிக்கப்பட்டது.

மதிப்பீடு

வன்முறையற்ற இயக்கங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த எரிக்கா செனோவெத், மக்கள்தொகையில் 3.5 விழுக்காட்டினர் களமிறங்கிய இயக்கங்கள் பெரும்பாலும் தோற்றதில்லை என்று கண்டார். 2022இல் இலங்கையின் 'அரகலய' மக்கள் போராட்டம் ஆட்சித் தலைவரையே வீழ்த்தியது: ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடிப் பதவி விலகினார். இண்ட்ராப்பின் கூட்டமோ அந்த 3.5 விழுக்காட்டில் சிறு பின்னமே. சிறுபான்மையினரின் பேரணியால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. ஆனால் ஆட்சி தன் கணக்கில் சேர்த்துவைத்திருந்த வாக்கை அதனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். நவம்பர் 25இன் பலன் அதுவே. தெருவில் அச்சம் தெளிந்தவர்கள் மார்ச் 8இல் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

ஆட்சி மாறினால் சட்டமும் மாறிவிடுவதில்லை என்பதை மலாக்கா காட்டியது. 2018 மே 9இல் தேசிய முன்னணி நாட்டையும் மலாக்காவையும் இழந்தது; மாநிலத்தில் எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணி 15 இடங்களையும் தேசிய முன்னணி 13 இடங்களையும் பெற்றன. வேதமூர்த்தி மத்திய அமைச்சரானார். மலாக்காவின் காடெக் தொகுதியில் வென்ற, அக்கூட்டணியின் ஜனநாயக செயல் கட்சியைச் (ஜசெக) சேர்ந்த ஜி. சாமிநாதன் மாநில ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் கைதான பன்னிருவரில் அவரும் ஒருவர். கைது நடந்தது சொஸ்மாவின்கீழ். ஆட்சியில் இருந்தது அவருடைய கூட்டணி. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். 2021 நவம்பர் 20இல் நடந்த மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணி 21 இடங்களுடன் மலாக்காவுக்குத் திரும்பியது. காடெக் மீண்டும் ம.இ.கா.வுக்குப் போனது.