வெற்று இருக்கைகளின் மொழி

போரில் மாண்டோருக்கு நினைவுச்சின்னம் என்றதும் துப்பாக்கி ஏந்திய வீரனின் சிலையையே நாம் எதிர்பார்க்கிறோம். ருமேனியாவின் திர்கு ஜியு நகரில் பிரான்குசி அமைத்த சின்னமோ வேறு வகையது. 1916-இல் படையெடுத்து வந்த ஜெர்மானியரை அந்நகரின் ஆற்றுப் பாலத்தில் எதிர்த்து நின்றோருள் முதியோரும் பெண்டிரும் சிறாரும் இருந்தனர். மாண்டோரின் நினைவைப் போற்ற விழைந்த மாவட்டப் பெண்கள் அமைப்பினர் அவரை நாடினர்.

அருகிலுள்ள ஹோபிட்சா சிற்றூரில் 1876-இல் பிறந்த அவர், 1907-இல் பாரிசில் மாபெரும் சிற்பி ரோடினின் பட்டறையில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகினார். கல்லை நேரே செதுக்கி, புறத்தோற்றத்தைக் களைந்து, பொருளின் உள்ளியல்பைத் தேடினார். அவரது பறவைச் சிற்பத்தை 1926-இல் அமெரிக்கச் சுங்கத்துறை வெறும் உலோகப் பொருளெனக் கொண்டு வரி விதித்தது. அது கலைப்படைப்பே என்று 1928-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவீனச் சிற்பத்திற்கே அத்தீர்ப்பு வழிதிறந்தது.

திர்கு ஜியுவில் 1938-இல் நிறைவுற்ற பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை. ஆற்றருகே வட்டக் கல்மேசை. சுற்றிலும் 12 இருக்கைகள். அப்பால் முத்தத்தின் வாயில். அதே நேர்கோட்டில், புனித பேதுரு பவுல் ஆலயத்தைக் கடந்து, ஏறத்தாழ 29 மீட்டர் உயரும் முடிவிலாத் தூண்.

பன்னிரண்டு என்றதும் இறுதி இராவுணவு நம் நினைவில் எழலாம். ஆயினும் இம்மேசையில் அப்பமில்லை, தலைமை இருக்கையுமில்லை. வெறுமையாய் நிற்கும் அவ்விருக்கைகளே வராதவர்களை நமக்கு உணர்த்துகின்றன.

1950-களில் பொதுவுடைமை ஆட்சியினர் தூணைச் சாய்க்க முயன்றும் அது வீழவில்லை. சிற்பி 1957-இல் பாரிசில் மறைந்தார். 2024-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பகைவனைக் காட்டாமலே மாண்டோரைப் போற்ற இயலும் என்பதற்கு அத்தூண் இன்றும் சான்று பகர்கிறது.