குழந்தைக்கு அருகில் ஒரு வேலை: போடிமெட்டுத் தாய்மாரும் வீடுசார் உழைப்பின் வரலாறும்

போடிநாயக்கனூர், தேனி மாவட்டத்தில் ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த வணிக நகரமாகும். இந்நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் பெண்களுக்கு ஏலக்காய் இரண்டு வகை வேலைகளைத் தந்தது. ஒன்று, போடிமெட்டைக் கடந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் காய் எடுப்பது. மற்றொன்று, நகரிலுள்ள கிடங்குகளில் அமர்ந்து காயைத் தரம் பிரிப்பது. கைக்குழந்தை உள்ள ஒரு தாய்க்கு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது கூலியை மட்டும் பொறுத்ததன்று. பிள்ளையை யாரிடம் விடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பவையும் அதில் அடங்கும். இன்று 'வீட்டிலிருந்து வேலை', 'நெகிழ்வு நேர வேலை' என்று பேசப்படுபவற்றின் பழைய வடிவங்களை இந்தத் தேர்வில் காணலாம். வேலை குழந்தைக்கு அருகில் வர வர, சட்டத்தின் பாதுகாப்பு தாயிடமிருந்து விலகிச் சென்றது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

ஏலமலையும் போடியும்

ஏலமலை திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தபோதும், அங்கு ஏலம் பயிரிட்டவர்களில் பலர் மதுரைச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள். போடி, கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களிலிருந்து அவர்கள் மலையேறினர். மலைப்பாதையின் அடிவாரத்தில் இருந்ததால் போடி, ஏலக்காய், காப்பி ஆகியவற்றின் சந்தையாக வளர்ந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டிப் பாதை அமைந்தது இவ்வணிகத்திற்கு மேலும் துணையானது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் சேர்ந்தன. அதன்பின் தோட்டம் ஒரு மாநிலத்திலும், அதில் வேலை செய்பவரின் வீடு வேறொரு மாநிலத்திலும் என்ற நிலை உறுதியானது. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடக்கிறது.

மலைக்குச் செல்லும் வேலை

ஏலச்செடியின் காய்கள் தண்டின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கின்றன. ஒரே சரத்தில் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். எனவே குனிந்தோ, உட்கார்ந்தோ, பருவம் அடைந்த காயை மட்டும் கையால் எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஆடி, ஆவணியில் தொடங்கும் அறுவடை தை, மாசி வரை நீளும். ஒரு முறை எடுத்த செடியில் சில வாரங்கள் கழித்து மீண்டும் காய் எடுக்கப்படும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர்.

கேரளத்தில் கூலி தமிழ்நாட்டைவிடக் கூடுதல் என்பதால், போடிப் பகுதிப் பெண்கள் அதிகாலையில் ஜீப்புகளில் கிளம்பிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புவது வழக்கமாயிற்று. சோறு பொங்கி வைத்துவிட்டு, குழந்தை கண் விழிக்கும் முன்பே தாய் கிளம்பியாக வேண்டும். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மாச்சி, அப்பத்தா அல்லது மூத்த மகளின் பொறுப்பாகும். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுத் தாய்க்குக் கூடுதல் கூலி தரும் இந்த வேலை எட்டாததாகிறது. ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிய ஜீப்புகள் மலைச்சாலையில் விபத்துக்குள்ளாவதும் உண்டு.

சட்டமும் பிள்ளைக் காப்பகமும்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இந்தியத் தொழிற்சட்டங்களில் தாயின் வேலையையும் குழந்தையின் இருப்பையும் சேர்த்துப் பார்த்த முன்னோடி விதிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் சட்டத்தின் மூல வாசகத்தில் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய நான்கு பயிர்களே இருந்தன. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே ஏலம் அப்பட்டியலில் சேர்ந்தது. அத்திருத்தத்தின்படி 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்குச் சட்டம் பொருந்தியது. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட 20 குழந்தைகள் இருந்தாலோ காப்பகம் கட்டாயமானது.

போடித் தாய்மாருக்கு இவ்விதி பயன்படுவதில் இரண்டு தடைகள் இருந்தன. ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. இந்த எண்ணிக்கையை எட்டாதவை. அடுத்ததாக, தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்தே காப்பக விதி உருவானது. அன்றாடம் மலையேறி இறங்கும் தாய், கைக்குழந்தையை 17 வளைவுகள் கடந்து ஜீப்பில் தூக்கிச் செல்ல முடியாது. எல்லைக்கு அப்பால் காப்பகம் இருந்தாலும், எல்லைக்கு இப்பால் இருக்கும் குழந்தைக்கு அதனால் பயனில்லை.

கிடங்கு வேலை

பறித்த பச்சைக் காய் தோட்டத்து உலர்கூடங்களில் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் மிதமான வெப்பத்தில் உலர்த்தப்படுகிறது. சுமார் ஐந்து கிலோ பச்சைக் காயிலிருந்து ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். உலர்ந்த காய் போடிக்கு வந்ததும் அதைச் சுத்தம் செய்து, காம்பும் தூசும் நீக்கி, சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரிக்கின்றனர். 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கும் 6 மில்லிமீட்டர் காய்க்கும் விலை வேறு. அளவு ஒன்றாயினும் நிறம் மங்கியவை, வெடித்தவை, பூச்சி அரித்தவை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே பொறுக்க வேண்டும். சொளகும் கூடையும் முன்னே வைத்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து செய்யும் வேலை இது.

தோட்ட வேலையோடு ஒப்பிட்டால் இதில் மழையில்லை, அட்டையில்லை, ஜீப்புப் பயணமில்லை. கிடங்கு வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்துவிடலாம். மகப்பேற்றுக்குப் பிறகு மலையேற இயலாத பெண்களுக்கு இது ஏற்ற வேலையாகிறது. அந்த வசதிக்கு ஈடாக மலைக் கூலியை விடவேண்டியிருக்கிறது. அறுவடை ஓய்ந்தால் வேலையும் குறையும். தொழிற்சாலைகள் சட்டத்தின் காப்பக விதி 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்த இடத்திற்கே பொருந்தியது என்பதால் சிறு கிடங்குகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. இப்போது நிறம் பிரிக்கும் எந்திரங்களும் இத்தொழிலில் நுழைந்துள்ளன.

வீட்டிற்குள் வந்த வேலை: பீடியும் தீப்பெட்டியும்

போடியில் வேலை தெருமுனை வரை வந்தது. தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் அது வீட்டுத் திண்ணைக்கே வந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பெண்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் பீடி சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெற்றனர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டிக்கான கூடு ஒட்டும் வேலை வீடுகளில் நடந்தது. சமையலுக்கும் தாலாட்டுக்கும் இடையே, கிடைத்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை என்பதே இவற்றின் ஈர்ப்பு.

இவ்வகை உழைப்பில் மூன்று சிக்கல்கள் தொடர்ந்து காணப்பட்டன. முதலாவது, இடமும் விளக்கும் தொழிலாளியுடையவை. இரண்டாவது, தரமில்லை என்று கழிக்கப்பட்ட பொருளின் இழப்பும் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது, எண்ணிக்கைக் கூலியை உயர்த்தப் பிள்ளைகளும் வேலையில் உட்கார வைக்கப்பட்டனர். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தினர் துணையுடன் நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. குழந்தையின் அருகில் இருப்பதற்காகத் தாய் ஏற்ற வேலை, சில வீடுகளில் குழந்தையின் வேலையாகவே மாறிற்று.

எனினும், சட்டம் வீட்டுக்குள் நுழைய முடியும் என்பதற்கும் பீடித் தொழிலே சான்றாகும். 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் பெற்று வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதியும் உருவானது.

கணக்கில் வராத உழைப்பு

பெரும்பாலான வீடுசார் தொழிலாளருக்கு இத்தகைய தனிச் சட்டம் அமையவில்லை. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் ஏற்றுமதிக்காகச் சரிகைப் பின்னல் பின்னிய பெண்களை ஆய்வு செய்த மரியா மீஸ், 1982-இல் வெளிவந்த தம் நூலில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நாள் முழுதும் உழைத்த அப்பெண்கள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர். குறைந்த கூலிக்கு அந்தக் கருத்தே அடிப்படையாயிற்று. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய முயன்றபோது, குறிப்பிட்ட முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்ற தடை எழுந்தது. அத்தடையைக் கடந்தே அது பதிவாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீடுசார் வேலைக்கான 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு ஏற்பு அளிக்கவில்லை.

கணினிவழி வேலையும் 2020-உம்

2017-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியும் பணியாளரும் ஒப்புக்கொண்ட காலம் வரை தாய் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும் கூறியது. வீட்டிலிருந்து வேலை என்பது ஒரு தாயின் சட்டப்பூர்வ வாய்ப்பாக இந்தியாவில் எழுத்தில் இடம்பெற்றது இதில்தான். ஆயினும் அது உரிமையாகத் தரப்படவில்லை; இரு தரப்பு இசைவாகவே தரப்பட்டது. 'வேலையின் தன்மை இடம் கொடுத்தால்' என்ற நிபந்தனை, காய் எடுப்பவரையும் பொறுக்குபவரையும் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்தியது.

இந்த வேறுபாடு 2020 மார்ச்சில் வெளிப்படையாகத் தெரிந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் நகரங்களில் கணினிப் பணியாளர்கள் வீட்டிலிருந்தே சம்பளம் பெற்றனர். அதே நாட்களில் போடிமெட்டு எல்லை மூடப்பட்டது. மலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு அன்றைய கூலி இல்லை. ஏலக்காய் வணிகமோ திரைக்கு மாறியிருந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் முன்பே நடந்துவந்தது. 2021-இல் இரு மையங்களும் இணையவழியில் இணைக்கப்பட்டன. வாங்குபவர் மலை தாண்டாமலே ஏலம் கேட்க முடிந்தது. காயைப் பொறுக்கும் கைக்கு அத்தகைய மாற்று இல்லை.

2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 'வீடுசார் தொழிலாளர்' என்ற பிரிவை வரையறுத்து, அமைப்புசாராத் தொழிலாளருள் ஒருவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மகப்பேற்று நலச் சட்டத்தின் விதிகளும் இத்தொகுப்பில் சேர்க்கப்பட்டன.

ஒப்பீடு

மலைத்தோட்டம், கிடங்கு, பீடித்தட்டு, கணினி ஆகிய நான்கிலும் தாய் தேடியது ஒன்றே: கூலியும் குழந்தையும் ஒன்றையொன்று விலக்காத வேலை. அவ்வேலை அவளுக்கு உதவியதா என்பதைத் தீர்மானித்தது வேலை நடந்த இடமன்று. முதலாளி யார் என்று எழுத்தில் உள்ளதா, கழிவின் இழப்பு யாருக்கு, கூலி எண்ணிக்கைக்கா நேரத்திற்கா, வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்ற கேள்விகளே தீர்மானித்தன. கடைசிக் கேள்விக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக்குள் மட்டும் ஒரு விடை தந்தது. வீட்டில் வேலை செய்யும் தாய்க்கு, பிள்ளையைப் பார்ப்பதும் அவளே என்பதுதான் இன்றுவரை விடையாக உள்ளது. கைக்குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே பீடி சுற்றியவரும், கணினி முன் அமர்ந்திருக்கும் இன்றைய தாயும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கின்றனர். கூலி ஒன்றுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது.