உறைநிலையில் காத்த தாய்மை

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டபோது, நோயாளியின் உயிரைக் காப்பதே மருத்துவத்தின் முழுக் கவலையாக இருந்தது. மருந்தும் கதிர்வீச்சும் சூலகத்திலுள்ள முட்டைகளை, அதாவது பெண்ணுக்குப் பிறவியிலேயே அமைந்து பின்னர் பெருகாத இருப்பை, அழிக்கக்கூடும் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இந்த இழப்பைத் தவிர்க்கப் பின்னாளில் உதவிய உறையவைக்கும் வழி கல்கத்தாவில் பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 1978இல், உறையவைத்த கருவிலிருந்து குழந்தை பிறக்கச் செய்தார். அரசுக் குழு அதை நம்ப மறுக்க, உரிய மதிப்பைக் காணாமலே 1981இல் அவர் உயிர்துறந்தது இந்திய அறிவியலின் தீராத களங்கமாகும். பின்னர் சென்னையிலும் 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

இன்று கருவை மட்டுமன்றி முட்டைகளையும், புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பே உறையவைக்க முடிகிறது: ஏறத்தாழ இரண்டு வாரம் ஊசிமருந்து செலுத்தி, முதிர்ந்த முட்டைகளை நுண்ணூசியால் உறிஞ்சியெடுத்து, பனிப்படிகம் உருவாகாதவாறு நொடிப்பொழுதில் கண்ணாடிபோல் இறுகச்செய்து, மைனஸ் 196 பாகை செல்சியஸில் திரவ நைட்ரஜனில் வைக்கின்றனர். அந்த இரண்டு வாரம் காத்திருக்க அவகாசமில்லாதோருக்கும் பூப்பெய்தாத சிறுமியருக்கும் சூலகத் திசுவையே எடுத்துக் காக்கும் முறை உண்டு. அவ்வாறு காத்த திசுவை மீண்டும் பொருத்திய பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்தது.

இளம்பெண்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு: புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற நேர்ந்தால், இம்முறைகளைப் பற்றி, முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.