மடியில் பாடும் குடம்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அருகே, மீன் ஏலம் கூவுகின்ற குரல்கள் காற்றோடு வந்து சேரும் தூரத்தில், பெரும்பாறை ஒன்றைக் குடைந்து அமைத்த சிறிய குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதும் அக்குகைக்கு ஒரே ஒரு கருவறைதான்; வெளிச்சுவரில் சிவபெருமானும் உமையும் பாதி செதுக்கிய நிலையிலேயே நின்றுவிட்டார்கள்; உள்ளே இருப்பதோ வீணாதர தக்ஷிணாமூர்த்தியின் தனிச்சிலை. மௌனத்தால் உபதேசம் செய்தவர் என்று நாம் அறிந்த தேசிகர் இங்கே கையில் வீணை ஏந்தி நாதத்தால் உபதேசிக்கிறார். ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியரும் சோழரும் அடுத்தடுத்துப் படையெடுத்து வந்து கைப்பற்றியதைத் தங்கள் செப்பேடுகளில் பெருமையோடு பொறித்துக்கொண்ட இந்த ஊரில், யாரோ ஒரு சிற்பி தெய்வத்தின் கையில் ஆயுதத்தை வைக்காமல் வாத்தியத்தை வைத்துப் போயிருக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவனை வணங்கத் தோன்றுகிறது.

நான் எழுத வந்த வாத்தியம் வீணையைவிட எளியது. விழிஞ்ஞத்துக்குப் பக்கத்திலுள்ள கோவளத்தில் ஒரு மாலைப்பொழுது, மேல்நாட்டு யாத்திரிகர் ஒருவர் மணலில் சம்மணமிட்டு அமர்ந்து, இரண்டு இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தினாற்போன்ற ஒரு பாத்திரத்தை மடியில் வைத்து விரல் நுனிகளால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். கோயில் மணியின் கார்வையும் ஜலதரங்கத்தின் குளிர்ச்சியும் ஒன்றாகக் கலந்தாற்போல் எழுந்த அந்த ஓசை, அலைகளின் இரைச்சலுக்குக் கீழேயே நடந்து வந்து காதைத் தொட்டது. அதன் பெயர் ஹேண்ட்பான் என்று பிற்பாடு அறிந்தேன். அப்பொழுது என் மனத்தில் எழுந்ததெல்லாம் அவருடைய மடிதான். மடியில் ஒரு குடம், அதன்மேல் வெறுங்கை என்ற அந்த அமைப்பை இதற்கு முன்னர் எத்தனையோ மேடைகளில் கண்டிருக்கிறேன். அந்த உறவு வெறும் தோற்றமன்று, வரலாற்றிலேயே உள்ளது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தென் திருவிதாங்கூரில் குடத்துக்கு எப்பொழுதும் ஒரு குரல் இருந்துவந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டார் வில்லுப்பாட்டு என்றும், வடக்கே வில்லடிச்சான் பாட்டு என்றும் வழங்குகின்ற அந்தக் கலையில், ஆளுயரத்தைவிட நீண்ட வில்லின் நடுப்பாகம் ஒரு மண்குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அண்ணாவி வீசுகோலால் நாணை அடித்துக் கதையைத் தொடங்க, உடுக்கும் தாளமும் கட்டையும் கூடச்சேர, குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் அறைந்தும் அதன் உடலைக் காசினால் தட்டியும், பாட்டு முழுவதையும் தாங்குகின்ற அடித்தளமான ஒலியை எழுப்பிக்கொண்டிருப்பார். சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை நடக்கும் இரவுகளில் விடியும்வரை கேட்ட ஒலி அது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதே வில்லையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு காந்தி மகானின் கதையைப் பாடியதைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1956 நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, விழிஞ்ஞமும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. வரைபடத்தில் கோடு விழுந்தது; குடத்தின் ஓசை அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஒன்றாகவே இருந்தது.

கேரளத்துக் கூத்தம்பலங்களில் கூடியாட்டத்துக்கு முழங்கும் மிழாவும் ஒரு குடமே. ஆதியில் மண்ணால் செய்து பிற்காலத்தில் செம்பால் வார்க்கப்பட்ட அந்தப் பெருங்குடத்தின் வாயைத் தோலால் மூடி, நம்பியார்கள் இரு கைகளாலும் வாசிப்பார்கள். மிழாவை ஒரு பிரம்மசாரியாகவே பாவித்து அதற்கு உபநயனம் முதலிய ஸம்ஸ்காரங்களைச் செய்வதும், பழுதாகிவிட்டால் மனிதருக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்வதும் மரபு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் குடமுழாவையும் சேர்த்திருப்பதை நினைத்தால், சேரநாட்டிலும் தமிழ்நாட்டிலும் குடம் எவ்வளவு காலமாக வாத்தியமாக வாழ்ந்து வந்திருக்கிறது என்பது விளங்கும்.

தோலுமின்றி, கோலுமின்றி, மண்ணையும் அதற்குள் அடைபட்ட காற்றையும் மட்டும் நம்பி நிற்பது கடம். வைகைக் கரையிலுள்ள மானாமதுரையில், பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, ஈரம் பாதி உலர்ந்த நிலையில் உட்புறம் கல்லை அணைகொடுத்து வெளிப்புறம் மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி, சுவர் எங்கும் ஒரே கனமாக வரச்செய்து, பிறகே சூளையில் வைக்கிறார்கள். சூளையிலிருந்து வெளிவந்த கடத்தின் சுருதி அநேகமாக அதன் ஆயுள்பரியந்தம் மாறாது. மிருதங்கத்தைப்போல் வாரை இழுத்தோ ரவையை ஒட்டியோ சேர்த்துக்கொள்ள வழியில்லை. பாடகரின் சுருதி மாறினால் கடத்தையே மாற்ற வேண்டும். இந்த ஒரு குறைதான் அதன் வரலாற்றின் போக்கை நிர்ணயித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சேரி மேடையில் உபபக்கவாத்தியம் என்ற பெயரோடு பின்வரிசையில் அமர்ந்து, மிருதங்கம் விட்ட இடத்தை நிரப்பி, தனி ஆவர்த்தனத்தில் சிறிது நேரம் மட்டும் தன் முகத்தைக் காட்டிய அந்தப் பானையை, உலகத்தின் முன்வரிசையில் கொண்டுபோய் வைத்தவர் விக்கு விநாயக்ராம்.

தேதகுடி ஹரிஹர சர்மா என்ற தாளவாத்திய ஆசிரியரின் குமாரராக 1942இல் பிறந்த விநாயக்ராம், தந்தையிடமே லய சிக்ஷை பெற்று, பதின்மூன்றாம் வயதிலேயே கச்சேரி மேடை ஏறிவிட்டார். சென்னையில் சர்மா நிறுவிய ஸ்ரீ ஜய கணேஷ் தாளவாத்ய வித்யாலயம் என்ற பள்ளியோடு அவருடைய வாழ்வு இணைந்திருந்தது. 1966 அக்டோபரில் எம். எஸ். சுப்புலக்ஷ்மி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் இந்த இளைஞர்தான். அதே மேடையில் மிருதங்கத்தோடு அமர்ந்திருந்த டி. கே. மூர்த்தி, விழிஞ்ஞத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்திலுள்ள நெய்யாற்றின்கரையில் 1924இல் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையோடு தொடர்புடைய சங்கீதக் குடும்பத்தின் பிள்ளை. தஞ்சாவூர் வைத்தியநாதையரின் சிஷ்யர். நெய்யாற்றங்கரையில் பிறந்த கையும் காவிரி நாட்டு லயத்தில் வளர்ந்த கையும் நியூயார்க் நகரத்தில் ஒரே தாளத்துக்கு இணங்கி முழங்கிய அந்த மாலையை, தென்பாண்டிக் கடலோரத்தைச் சேர்ந்த எவரும் பெருமையோடு நினைக்கலாம்.

அதன்பின் விநாயக்ராமின் பயணம் வேகம் கொண்டது. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் ஹுஸேன் ஆகியோரோடு அவர் சேர்ந்து வாசித்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. மெக்லாஃப்லினின் கிதார் மின்னல்போல் பாய்ந்தோடும் இடங்களில், அதற்கு ஈடுகொடுத்துக் கீழே உருண்டோடும் கடத்தைக் கேட்ட மேல்நாட்டு ரசிகர்கள், மண்பானை ஒன்று இவ்வளவு பேசுமா என்று வியந்தார்கள். மிக்கி ஹார்ட் தொகுத்த ‘பிளானட் டிரம்’ தட்டு 1992இல் உலக இசைக்கான கிராமி விருதைப் பெற்றபோது, அதில் வாசித்தவர்களில் விநாயக்ராமும் ஒருவர். 2002இல் பத்மஸ்ரீ வந்தது. விருதுகளைவிட முக்கியமானது வேறொன்று. அவர் வாசிப்பைக் கேட்ட பிறகு, ஐரோப்பாவின் தாளவாத்தியக்காரர் பலர் கடத்தைத் தங்கள் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த ரேடோ வேபர் என்பவர் கடம் வாசித்தவர். பெர்ன் நகரத்தில், டிரினிடாட் தீவின் ஸ்டீல்பான் வாத்தியத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து செய்துவந்த ஃபெலிக்ஸ் ரோனரும் ஸபீனா ஷேரரும் நடத்திய பான்ஆர்ட் என்ற பட்டறைக்கு 1999ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்று, கையால் வாசிக்கத்தக்க, ஆனால் சில ஸ்வரங்களும் அமைந்த ஓர் ஒலிக்குடம் வேண்டும் என்று கேட்டார். கடத்தை மடியில் ஏந்தியவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஆசை அது. கோலால் அடிக்கும் ஸ்டீல்பானின் ஒரு பாதியை மற்றொரு பாதியோடு பொருத்திப் பார்த்த அவ்விருவரும், 2000த்தில் ஒரு புதிய வாத்தியத்தைச் சிருஷ்டித்தார்கள். அதற்கு ‘ஹாங்’ என்று பெயரிட்டார்கள்; பெர்ன் நாட்டுப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கை என்று பொருள். மேற்பாதியில் நடுவே ஒரு பெரிய ஸ்வரமும் சுற்றிலும் ஏழெட்டு ஸ்வரங்களும்; கீழ்ப்பாதியில், குடத்தின் வாயேபோல், ‘கூ’ என்று அவர்கள் அழைத்த ஒரு வட்டத் துவாரம். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் உள்ளிருக்கும் காற்றின் கம்பீரத்தை வித்வான் கூட்டிக் குறைப்பதற்கு எது காரணமோ, அந்தத் துவாரத்தில் எழும் ஆழ்ந்த முழக்கத்துக்கும் அதே இயற்கை விதிதான் காரணம். பிறகு பல தேசங்களில் பலர் இவ்வகை வாத்தியங்களைச் செய்யத் தொடங்கவே, ஹேண்ட்பான் என்ற பொதுப்பெயர் பரவியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மனு டெலாகோ இதில் பெரும் தேர்ச்சி பெற்று, சொந்தமாக இசை இயற்றிப் பிரஸித்தி அடைந்தார். அனுஷ்கா சங்கரின் சிதாரோடு 2013ஆம் ஆண்டின் ‘டிரேஸஸ் ஆஃப் யூ’ தட்டில் அவருடைய ஹாங் இழைவதைக் கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒன்று வேறு உருவத்தில் திரும்பி வந்து நம்மோடு பேசுவதுபோல் இருக்கும்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, ஹேண்ட்பான் நம்முடையதே என்று உரிமை கொண்டாடுவது நியாயமாகாது. எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து ஸ்டீல்பானை உருவாக்கிய டிரினிடாட் ஏழைமக்களின் மேதையும், இரும்பைச் சுருதிக்குப் பழக்கிய பெர்ன் நகரத்தாரின் உழைப்பும் அதில் சரிபாதிக்கு மேல் இருக்கின்றன. நம் பங்கு அந்த மடியும், அந்த வெறுங்கையும், குடத்துக்குள் காற்று இருக்கிறது என்ற அறிவும்.

கடத்துக்கு ஒரே சுருதிதான் என்ற பழைய குறைக்கு, மண்ணை விட்டு விலகாமலே விடை கண்டவர் ஒருவரும் நம்மிடையே இருக்கிறார். 1957இல் மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால், ஹரிஹர சர்மாவிடமும் விநாயக்ராமிடமும் கடம் பயின்றவர். பெண் கடம் வாசிப்பதாவது என்று முகம் சுளித்தவர்கள் மலிந்திருந்த காலத்தில் மேடை ஏறி, உறுதியோடு நின்று, சங்கீத நாடக அகாதமியின் விருதுவரை வந்தவர். அவர் வெவ்வேறு சுருதியுள்ள ஆறேழு கடங்களைத் தம்மைச் சுற்றி வைத்து, லயத்தோடு ராகத்தின் சாயலும் எழும்படி வாசிக்கும் முறையை உருவாக்கி, அதற்குக் கட தரங்கம் என்று பெயரிட்டார். பெர்ன் நகரத்துப் பட்டறை ஓர் இரும்பு உடலுக்குள் ஸ்வரங்களையெல்லாம் கூட்டிவைத்தது என்றால், இந்த அம்மையார் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தனிக் குடத்தைக் கொடுத்து, தம் இரு கைகளையே அவற்றைக் கோக்கும் நூலாக்கிக்கொண்டார்.

அப்படிச் சுருதி குறித்து ஒருவர் கடம் கேட்டால், மானாமதுரையில் ஒன்றைச் செய்து கொடுத்துவிட முடியாது. அளவு பார்த்து, மண்ணின் கனம் பார்த்துப் பலவற்றை வனைந்து சூளையில் அடுக்குகிறார்கள். சூளை ஆறியபின் ஒவ்வொன்றாக எடுத்துச் சாம்பலைத் துடைத்து, விரல் முட்டியால் ஒருமுறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, சுருதி சேர்ந்ததை இந்தப் பக்கமும் சேராததை அந்தப் பக்கமுமாக வைக்கிறார்கள்.