உருவளவும் நைட்ரஜன் வடிவமும்: கடலோரத் தாவர மிதவை உயிரிகள் குறித்த ஒரு மறுபார்வை

தாவர மிதவை உயிரிகளில் சிறியவை அம்மோனியத்தையும் பெரியவை நைட்ரேட்டையும் நாடுகின்றன என்பது கடலியலில் வேரூன்றிய கருத்து. அது பிழையன்று, ஆனால் கடலோர நீரை விளக்க அது மட்டும் போதாது. உருவளவு ஒரு செல்லின் திறனை வரையறுக்கிறது. அத்திறன் வெளிப்படுமா என்பதைச் சூழ்ந்துள்ள அம்மோனியமும் ஒளியுமே முடிவுசெய்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆழ்நீரிலிருந்து எழும் நைட்ரேட்டால் நிகழ்வதைப் ‘புதிய உற்பத்தி’ என்றும், மேல்நீரிலேயே உயிரினங்கள் வெளியிடும் அம்மோனியத்தால் நிகழ்வதை ‘மறுசுழற்சி உற்பத்தி’ என்றும் 1967இல் டக்டேலும் கோரிங்கும் பிரித்தனர். நைட்ரேட்டை அம்மோனியமாக ஒடுக்க ஒரு மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான்கள் செலவாகின்றன, அம்மோனியத்துக்கு இச்செலவில்லை. 2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய செல்களுக்குக் கன அளவை நோக்கப் பரப்பு மிகுதி. ஆகவே சத்துக் குறைந்த நீரில் அவை முந்துகின்றன. ஆனால் அவற்றை உண்ணும் ஒருசெல் உயிரிகளும் விரைந்து பெருகுவதால் அவற்றின் தொகை கட்டுக்குள் நிற்கிறது. பெரிய டயாட்டங்களோ நைட்ரேட்டை வாக்குவோலில் சேமித்து, தம்மை உண்பவை பெருகுமுன் தாம் பெருகிவிடுகின்றன.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதி இவ்விளக்கத்துக்குச் சோதனைக்களம். அங்கு நைட்ரேட்டுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் டயாட்டப் பெருக்கம் அரிது. வில்கர்சன், டக்டேல் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மோனியம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கிய பிறகே நைட்ரேட் பயன்பாடு வலுத்து வசந்தகாலப் பெருக்கம் தோன்றியது. நகரக் கழிவுநீர் வழியே வரும் அம்மோனியம், பெரிய செல்களின் நைட்ரேட் திறனை உறங்க வைத்திருந்தது என்பது அவர்கள் முடிவு.

கலங்கல் நீரின் ஒளிக்குறைவும், 1986இல் அங்கு கண்டறியப்பட்ட அயல்நாட்டுச் சிப்பியின் மேய்ச்சலுமே காரணம் என்று மறுப்போர் உண்டு. இரண்டும் மெய்யான தடைகள். ஆனால் இம்மறுப்பு அம்மோனியத்தின் பங்கை நீக்கிவிடவில்லை. நீர் தெளிந்து ஒளி கிட்டும் காலம் குறுகியது. அதில் ஒரு பகுதி அம்மோனியத்தைத் தீர்ப்பதிலேயே கழிந்தால், நைட்ரேட்டைப் பயன்படுத்த எஞ்சும் நாட்கள் இன்னும் குறையும். தடைகள் ஒன்றையொன்று கூட்டுகின்றன.

அளவீட்டிலும் எச்சரிக்கை தேவை. நைட்ரஜன்-15 ஐசோடோப்பு ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் 0.7 மைக்ரோமீட்டர் கண்ணாடியிழை வடிதாள் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொள்கிறது. அவையும் அம்மோனியம் உண்பவை. ஆதலால் சிறிய செல்களின் அம்மோனிய நாட்டம் உள்ளதைவிட மிகுதியாகத் தெரியக்கூடும்.

மொத்த நைட்ரஜனை மட்டும் அளக்கும் கண்காணிப்பு இவற்றையெல்லாம் காணத் தவறும். சுத்திகரிப்பு நிலையம் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றினால் மொத்தக் கணக்கு மாறாது. ஆனால் எந்த உருவளவுச் செல் வளரும், அதை எந்த உயிரி உண்ணும் என்பது மாறக்கூடும். எனவே நைட்ரஜனின் வடிவத்தையும் செல்லின் உருவளவையும் ஒரே மாதிரியில் சேர்த்து அளப்பதே கடலோர ஆய்வின் அடிப்படை நெறியாக வேண்டும்.